மரம் பேசலாம், பிள்ளை பேசக்கூடாது: நடுநிலைப் பள்ளிக் கட்டுரை நோட்டு குறித்து

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரை நோட்டைப் புரட்டுகிற யாருக்கும் ஒரு விஷயம் சட்டென்று தட்டுப்படும். அங்கே எல்லாமே பேசுகின்றன. ஆலமரம் பேசுகிறது, ஆறு பேசுகிறது, ஐந்து ரூபாய் நாணயம் பேசுகிறது, கிழிந்துபோன புத்தகம் பேசுகிறது. 'தன்வரலாறு கூறுதல்' என்று இதற்குப் பெயர். கரும்பலகையில் குறிப்புச் சட்டகம் போட்டுவிடுவார்கள்: முன்னுரை, பிறப்பு, வளர்ப்பு, பயன்கள், இன்றைய நிலை, முடிவுரை. 'நான்தான் ஆலமரம் பேசுகிறேன்' என்று தொடங்கி 'என்னை வெட்டாதீர்கள்' என்று கும்பிட்டு முடித்துவிட வேண்டும். எடுத்துரைத்து எழுதுவதற்குப் பள்ளிக்கூடம் தருகிற முதல் பயிற்சி இது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடைசிப் பயிற்சியும் இதுதான்.

இதில் 'தன்' என்பது யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வாயில்லாத பொருளெல்லாம் 'நான்' என்கிறது. வாயுள்ள பிள்ளைக்கு அந்த நோட்டில் 'நான்' என்று எழுத ஒரு பக்கமும் கிடையாது. கற்பனை வளரட்டும் என்றுதானே இப்படித் தருகிறோம் என்பார்கள். வளரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் முப்பது நோட்டிலும் ஒரே ஆலமரம், ஒரே ஊரில், ஒரே வரிசையில் பேசுகிறதே, அது யாருடைய கற்பனை? உரைநூல் போட்டவரின் கற்பனை. 2010 இல் சமச்சீர்க் கல்வி வந்தது. 2018 இலிருந்து பாடநூல்கள் மறுபடியும் மாறின. பக்கமெல்லாம் வண்ணம், ஓரத்தில் கியூஆர் குறியீடு. ஆலமரம் மட்டும் அசையவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 1939 இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று வெளியிட்டார். அது தன்வரலாறு. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளைக்கு அவர் நினைவுக்கு வருவதில்லை, ஆலமரம்தான் வருகிறது.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு காலனியில் நாங்கள் நடத்துகிற மாலைப் பள்ளிக்கு இருபது பிள்ளைகள்போல வருகிறார்கள். அங்கே வரும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தலைப்புகளில் யாரும் தொடாத ஒன்றை எடுத்துக்கொண்டான்: செருப்பு. அவன் எழுதியதில் கொஞ்சம்:

'நான் ஒரு செருப்பு. என்னை அண்ணன் பொங்கலுக்கு வாங்கினான். ரோடு வரைக்கும் நான் கால்ல இருந்தேன். ஊர்த்தெரு வந்ததும் அண்ணன் என்னைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டான். கோயிலத் தாண்டினதும் திரும்பக் கால்ல போட்டான். நான் கால்ல இருக்கப் பொறந்தேனா கையில இருக்கப் பொறந்தேனான்னு எனக்கே தெரியல.'

இதற்குச் சிவப்பு மையில் வந்த குறிப்பு: 'பயன்கள் எங்கே?' பேச்சு வழக்குச் சொற்களையெல்லாம் சுழித்திருந்தார்கள். பத்துக்கு மூன்று. அந்த ஆசிரியர் கொடுமைக்காரரா என்றால் இல்லை. பிள்ளைகளுக்குத் தன் காசில் பேனா வாங்கிக் கொடுக்கிறவர். சட்டகத்தை வைத்துத் திருத்தினார், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தப் பையன் செய்திருக்கிற காரியத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடம் கொடுத்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பேசாத பொருளின் வாயில் தன் தெருவையே வைத்துவிட்டான். வடிவம் தெரியாதவனால் இதைச் செய்ய முடியுமா? கதைசொல்லியைத் தேர்ந்தெடுப்பது என்று நாம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு மணிநேரம் பேசுகிறோமே, அது இதுதான். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் 2023 டிசம்பரில் தலித் மக்கள் அறுபது பேர் சாதி இந்துக்களின் தெருவில் முதன்முறையாகச் செருப்புப் போட்டு நடந்தார்கள் என்று செய்தித்தாளில் வந்தது. செருப்புக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இந்த நாட்டில் உண்டு. 'பயன்கள்' என்ற தலைப்பின் கீழ் அது அடங்காது.

தன்வரலாற்றை விட்டால் அடுத்தது, குறிப்புகளைக் கொண்டு கதையை விரித்தெழுதுதல். நரி, காகம், பேராசைக்காரன். கடைசியில் 'நீதி' என்று ஒரு வரி கட்டாயம். அந்த நீதி எப்போதும் எளியவன் தலையிலேயே வந்து விழுகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு உவமைக்குப் போகிறேன். அங்கேதான் விஷயம் ஆழமாக இருக்கிறது.

உவமைக்கு வகுப்பில் வரும் எடுத்துக்காட்டுகள்: மதிமுகம், மலரடி, தேன்மொழி, பவளவாய், முத்துப்பல். திருப்பிப் போட்டு முகமதி, அடிமலர் என்றால் உருவகம். நன்னூல் சொல்லும் உவம உருபுகள் பன்னிரண்டையும் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. அதில் 'கடுப்ப', 'ஏய்ப்ப' உண்டு. காலனியில் விடிந்ததிலிருந்து அடையும்வரை புழங்குகிற உருபுகள் 'மாதிரி', 'ஆட்டம்' என்ற இரண்டும். 'மாடாட்டம் உழைக்கிறான்' என்று சொல்லாத வீடு உண்டா? பட்டியலில் அவை இல்லை. பவளத்தைப் பிள்ளையும் பார்த்ததில்லை, வாத்தியாரும் பார்த்ததில்லை. பார்த்திராத பொருளைக் கொண்டு பார்த்த வாயை விளக்குவது எப்படி உவமை ஆகும் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டால் இரண்டு மார்க் போகும்.

எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது. மிக நல்ல கருவி அது. பின்னாலேயே, யோசித்துப் பார்த்தால் உவமை உயர்ந்த பொருளின் மேலதாக வரவேண்டும் என்றும் சொல்கிறது. முகத்தைவிட நிலா உசத்தி, பல்லைவிட முத்து உசத்தி, அதனால் ஒப்புமை மேல்நோக்கிப் போக வேண்டும். மரபியலில் வழக்கு என்பது உயர்ந்தோருடையது என்று சொல்கிற அதே குரல் இது. மொழியும் மேலே இருப்பவனுடையது, ஒப்புமையும் மேலே பார்த்தே போக வேண்டும். ஆனால் நியாயமாகப் பேசுவதென்றால் அதே உவமவியல் கொஞ்சம் தள்ளி, கீழ்ப்படுத்திச் சொல்லும் பொருளையும் உவமையின் நிலைக்களங்களில் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்கிறது. இலக்கணக்காரன் விட்ட அந்தச் சின்னக் கதவைப் பள்ளிக்கூடம் அடைத்துவிட்டது.

அடைத்த கதவு பிள்ளைக்குள் என்ன செய்கிறது என்பதற்கு ஒரே உதாரணம் போதும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாலைப் பள்ளி நோட்டில் இப்படி எழுதினாள்: 'எங்கப்பா கோவம் பறை மாதிரி. காய்ச்சினாத்தான் சத்தம் வரும்.' ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோகும். தீயில் காட்டினால் இறுகும், அப்புறம்தான் அடி பேசும். இது தெரிந்த வீட்டுப் பிள்ளை எழுதிய வாக்கியம். தொல்காப்பியத்தைக் கொண்டே அளந்தால் சுத்தமான வினையுவமம். அதே வாரம் பள்ளி நோட்டில் அவளே எழுதியது: 'என் தந்தையின் கோபம் சூரியனைப் போன்றது.' யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எந்த நோட்டில் எது போக வேண்டும் என்று பதின்மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்கிறவர்கள் இந்த இரட்டை நோட்டையும் வந்து பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பறை பள்ளித் தமிழில் இல்லாமலில்லை. 'தமிழரின் பெருமையைப் பறைசாற்றுகிறது' என்ற தொடர் இல்லாத ஆண்டு விழாப் பேச்சு உண்டா? பறை அங்கே உருவகமாகிவிட்டது. தோல், வார், குச்சி, அடிக்கிற கை எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாற்றுகிற வேலையை யார் தலையில் கட்டியிருந்தார்கள் என்பது அந்தத் தொடருக்குள் தெரியாது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். அதுவரைக்கும் ஊரில் நிஜப் பறை, மேடையில் உருவகப் பறை.

புறநானூற்றில் 82ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி போரிடும் வேகத்துக்கு அவர் ஒரு உவமை தேடுகிறார். மின்னலைச் சொல்லவில்லை, புலியைச் சொல்லவில்லை. கட்டில் பின்னுகிற ஒரு ஆளைச் சொல்கிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் பெண்டாட்டிக்குப் பேறுகாலம். மழை பெய்துகொண்டிருக்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவில் கையிலிருக்கிற கட்டிலை வாரால் பின்னி முடித்தாக வேண்டும். அந்தக் கையிலுள்ள ஊசி எப்படி ஓடும்? அதைவிட வேகமாம் அரசனின் போர். அந்த ஆளுக்குப் பாட்டு கொடுக்கிற பெயர் 'இழிசினன்'. பெயர் கிடையாது, இழிசினன்தான்.

நான் படித்த எம்.ஏ. வகுப்பில் 'விரைவுக்கு உவமை' என்று ஒரே வரியில் தாண்டிப் போனார்கள். ஆனால் இதற்குள் இருப்பது ஒரு முழுக் கதை. ஒரு மனிதன், ஒரு நெருக்கடி, காலம், இடம், தட்பவெப்பம், தள்ளிப்போட முடியாத வேலை, வீட்டுக்குள்ளிருந்து வருகிற முனகல். கதை எழுதச் சொல்லித் தருகிற புத்தகங்கள் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுகின்றனவோ அத்தனையும் சில அடிகளுக்குள் கிடக்கிறது. புலவன் அந்தக் கதையைச் சொல்லவில்லை. அந்த ஆளின் அவசரத்தை மட்டும் உருவி அரசனுக்கு மாலையாகப் போட்டுவிட்டுப் போகிறான். உழைப்பை எடுத்துக்கொண்டு உழைத்தவனை வாசலில் நிறுத்துகிற காரியம் உவமைக்குள்ளும் நடக்கிறது. அதேசமயம், உயர்ந்ததைத்தான் உவமையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி இந்தப் பாட்டில் தலைகுப்புற விழுந்து கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரசனை விளக்க இழிசினன் கைதான் வேண்டியிருக்கிறது.

இதை மாலைப் பள்ளியில் பாட்டாகச் சொல்லாமல் நடந்த சம்பவம்போலச் சொன்னேன். ஒரு ராஜா சண்டை போட்டான், அந்த வேகம் இப்படி இருந்துச்சாம் என்று. சொல்லி முடித்ததும் வந்த முதல் கேள்வி: 'கொழந்த பொறந்துச்சாக்கா?' அடுத்தது, 'கட்டில் யாருக்கு? அவுங்க வூட்டம்மா படுக்கவா, ஊர்க்காரங்களுக்கா?' ஒருத்தன் 'மழையில வாரு நனைஞ்சா இழுவாதே, எப்படிப் பின்னுவாரு' என்றான். அவன் தாத்தா தோல் வேலை பார்த்தவர். ராஜா ஜெயித்தானா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த ஆளுக்கு ஒரு பெயர் வையுங்கள், அவன் சொல்வதுபோல எழுதுங்கள் என்றோம். சட்டகம் எதுவும் தரவில்லை. மூன்று விஷயம் மட்டும் கேட்டோம். எந்த இடம் என்று எழுத வேண்டும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று தெரிய வேண்டும். யாராவது பேசினால் பேசியதை அப்படியே எழுத வேண்டும். நாலு மாலை எழுதினார்கள். பாதிப் பேர் குழந்தையைப் பிழைக்கவைத்தார்கள். ஒருத்தி கட்டிலை ஊர்த் தலைவர் வீட்டுக்கு என்று எழுதி, அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்புற வழியாக வைத்துவிட்டு வருவதாக முடித்தாள். இரண்டாயிரம் வருஷப் பாட்டுக்குள் கொல்லைப்புறத்தை யார் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு? அவள் அம்மா போகிற வழி அது. எழுதும்போது உவமைகள் தானாக வந்தன. 'வயித்து வலி அலை மாதிரி வந்து வந்து போச்சி' என்று எழுதிய பிள்ளை உருபுகள் பன்னிரண்டில் எதையும் நினைத்துக்கொண்டு எழுதவில்லை. உவமை கதைக்குள் தேவைப்படும்போது வரும். தனியாக எடுத்து 'உவமைத் தொகைக்கு இரண்டு சான்று தருக' என்றால் மதிமுகம்தான் வரும்.

ஓம்பிரகாஷ் வால்மீகி இந்தியில் எழுதிய தன்வரலாறு 'ஜூதன்' 1997 இல் வந்தது. அதில் ஒரு வகுப்பறைக் காட்சி வரும். துரோணாச்சாரியார் வறுமையில் தம் பிள்ளைக்குப் பாலென்று மாவைக் கரைத்துக் கொடுத்த கதையை வாத்தியார் உருகி உருகிச் சொல்கிறார், வகுப்பே கலங்குகிறது. சிறுவன் வால்மீகி எழுந்து, துரோணருக்குப் பாலுக்குப் பதில் மாவுக் கரைசல், நாங்கள் குடித்ததோ வடிகஞ்சி, எங்களைப் பற்றி ஏன் காவியத்தில் ஒன்றுமே வரவில்லை என்று கேட்கிறான். வாத்தியார் பிரம்பை எடுக்கிறார், உன் முதுகில் காவியம் எழுதுகிறேன் பார் என்று விளாசுகிறார். இதை ஒரு வாத்தியாரின் வெறித்தனம் என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்திருக்கிறோம். அந்தப் பையன் கேட்டது சுத்தமான இலக்கியக் கேள்வி. எந்தப் பசி கதையாகிறது, எந்தப் பசி கதையாகாமல் போகிறது என்று கேட்டான். இலக்கியக் கேள்விக்கு வகுப்பறையில் கிடைத்த பதில் பிரம்பு.

நம் எழுத்தாளர்கள் உருவகத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். பாமாவின் 'கருக்கு' 1992. சிறுவயதில் விறகு பொறுக்கும்போது மேலே கீறிய பனங்கருக்கு புத்தகத்தின் பெயராகிறது. இரண்டு பக்கமும் அறுக்கிற பொருள். சோ. தர்மனின் 'கூகை' 2005. வலுவுள்ள பறவை, ஆனால் பகலில் தலைகாட்டினால் சின்னக் குருவிகூட விரட்டுகிறது, பார்ப்பதே அபசகுனம் என்கிறார்கள். இரண்டிலும் நிலா இல்லை, பவளம் இல்லை. இந்த இரண்டு தலைப்புகளை மட்டும் வைத்து உருவகம் என்றால் என்ன என்று ஒரு வாரம் பாடம் நடத்தலாம். நடத்திப் பார்த்தோம், பிடித்துக்கொள்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு உருவகம் புரியாது, அது உயர்நிலை வகுப்புக்குரியது என்று சொல்கிற ஆசிரியர்களை அவர்கள் பள்ளி வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்கச் சொல்ல வேண்டும். தென்மாவட்டங்களில் மணிக்கட்டில் கட்டின கயிற்றின் நிறத்தைப் பார்த்து எதிரே வருகிறவன் யார் என்று ஆறாம் வகுப்புப் பையன் படித்துவிடுகிறான். நூலுக்குப் பின்னால் சாதி, சாதிக்குப் பின்னால் அரிவாள். இதைவிடத் துல்லியமான உருவகப் பயிற்சி எந்தப் பாடநூலில் இருக்கிறது? 2019 இல் இந்தக் கயிறுகளைப் பற்றிப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது, எதிர்ப்புக் கிளம்பியதும் அது அப்படியே அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், பொட்டு முதலிய அடையாளங்களுக்குத் தடை கேட்டது. கேட்க வேண்டியதுதான். ஆனால் அறுத்துப் போட்ட கயிற்றின் அர்த்தத்தை எழுதிப் பேசித் தீர்க்க ஒரு வகுப்பு வேண்டாமா? அந்த வகுப்பு தமிழ் வகுப்பு இல்லையென்றால் வேறெது?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நம்மிடமிருந்தே வருகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: 'நீங்க சேரித் தமிழ்ல எழுதவுட்டுட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதும்போது பேச்சுத்தமிழுக்கு எவன் மார்க் போடுவான்? ஊர்ப் பிள்ளைக்கு நன்னூல், நம்ம பிள்ளைக்கு 'மாதிரி'யா?' தள்ளிவிட முடியாத கேள்வி. எழுத்துத் தமிழ் அதிகாரம், அதைக் கைப்பற்றாமல் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் தன் வாய்ச் சொல்லில் முழுசாக எழுதட்டும், இடம், ஆள், பேச்சு எதுவும் உதிராமல். அப்புறம் அதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும். மாற்றும்போது எது உதிர்கிறது, எது தங்குகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். முதலிலேயே எழுத்துத் தமிழை வைத்து வாயை அடைத்தால் அப்புறம் எழுத ஒன்றும் இருக்காது, ஆலமரம்தான் இருக்கும்.

இன்னொரு பக்கமும் ஒரு ஆபத்து வளர்ந்து வருகிறது. சில தொண்டு நிறுவனங்கள் நடத்துகிற எழுத்துப் பட்டறைகளில் நம் பிள்ளைகளை உட்காரவைத்து 'உன் வலியை எழுது' என்கிறார்கள். எழுதினால் போட்டோ, அறிக்கை, சான்றிதழ். சாதி இந்துப் பிள்ளை பட்டாம்பூச்சியை எழுதலாம், தலித் பிள்ளை வலியை மட்டும் எழுத வேண்டுமாம். இதுவும் ஒரு சட்டகம்தான், முன்னுரைக்குப் பதில் கண்ணீர். எங்கள் வகுப்பில் ஒருத்தி எத்தனை சொன்னாலும் நிலாவைத்தான் எழுதுவேன் என்றாள். எழுதினாள்: 'நிலா கலெக்டர் மாதிரி. தூரத்துலேர்ந்து எல்லாரையும் பாக்கும். எறங்கி வராது.' விட்டுவிட வேண்டியதுதான். நிலாவும் நம்முடையதுதானே.

இதெல்லாம் இலக்கிய ஆசைக்காகச் சொல்வதல்ல. நடுநிலை வகுப்பில் இலக்கணமாகச் சொல்லித் தருகிற இன்னொன்று இடக்கரடக்கல். அவையில் சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லால் சொல்வது. 'கால் கழுவி வந்தான்' என்பது எடுத்துக்காட்டு. கழுவுகிறவன் கால் கழுவினான் என்று நாகரிகமாக முடிந்துவிடுகிறது. கழிப்பறையைக் கழுவுகிறவர் யார்? ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததற்காக 2022 டிசம்பரில் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். காய்ச்சலில் விழுந்த பிள்ளை வீட்டில் வாய்திறந்து சொன்ன பிறகுதான் அது வெளியே வந்தது. என்ன செய்தோம், எதைக் கொண்டு செய்தோம், யார் செய்யச் சொன்னது என்று ஒரு பிள்ளை வரிசையாகச் சொன்னது வழக்காக மாறியது.

காவல் நிலையத்துக்குப் புகாரோடு போய் நின்றவர்களுக்கு மீதி தெரியும். நம் மக்களுக்கு அறிமுகமான ஒரே 'ரைட்டர்' ஸ்டேஷன் ரைட்டர்தான். வாயால் சொன்னதை அவர் எழுதுவார்: 'எதிரி என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டினார்.' இடக்கரடக்கல் அங்கே கச்சிதமாக வேலை செய்கிறது. 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வெளியார் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஆக எந்த இடம், யார் யார் நின்றார்கள், எது முன்னே எது பின்னே, என்ன வார்த்தை என்பதில் வழக்கின் உயிர் இருக்கிறது. 1995 ஆம் ஆண்டு விதிகளின்படி டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரி வந்து விசாரிப்பார். 'என்ன வார்த்தை சொன்னான்?' என்று கேட்பார். நம் பையன் தலையைக் குனிந்துகொண்டு 'அசிங்கமா பேசினாரு சார்' என்பான். பெரியவர்கள் முன்னால் கெட்ட வார்த்தை சொல்லக்கூடாது என்று வளர்த்திருக்கிறோம், பள்ளிக்கூடம் அதற்கு இலக்கணமும் கொடுத்திருக்கிறது. அந்த வார்த்தையைச் சொன்னவனுக்கு வெட்கமில்லை, கேட்டவனுக்கு வெட்கம்.

வாக்கிய வகையில் நேர்கூற்று, அயற்கூற்று என்று ஒரு பாடம் உண்டு. 'நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக' என்பது வழக்கமான கேள்வி. ஸ்டேஷன் ரைட்டர் நாள் முழுக்கச் செய்வது இந்த வேலையைத்தான். மாலைப் பள்ளியில் கேள்வியைத் திருப்பிப் போட்டோம். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று பலகையில் எழுதி, இதை நேர்கூற்றாக மாற்றுங்கள், இடமும் நேரமும் பக்கத்தில் நின்றவர்களும் வரவேண்டும் என்றோம். கொஞ்ச நேரம் ஒருவரும் எழுதவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'அந்த வார்த்தைய நோட்டுல எழுதினா மிஸ் அடிக்கமாட்டாங்களாக்கா?' என்று கேட்டாள். இது பள்ளி நோட்டு இல்லை, தவிர வார்த்தை உன்னுடையதும் இல்லை, அதனால்தான் இரட்டை மேற்கோள் குறி போடுகிறோம் என்றேன். மேற்கோள் குறி எதற்கென்று ஏழு வருஷப் பள்ளிப் படிப்பில் தெரியாத பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. எழுதியவற்றைச் சத்தமாகப் படிக்கச் சொல்லவில்லை. அது அவரவர் விருப்பம்.

மற்ற மாவட்டங்களில் மாலைப் பள்ளி நடத்தும் தோழர்கள் இந்த இரண்டு பயிற்சிகளையும், கட்டில் பின்னுகிறவர் கதையையும் நேர்கூற்றுப் பயிற்சியையும், நடத்திப் பார்த்து என்ன நடந்தது என்று எழுதுங்கள். பிள்ளைகள் எழுதியதை அனுப்புவதாக இருந்தால் பெயரையும் பள்ளியின் பெயரையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டாம்.